ஏழாவது பிரிவும் மாடிவீட்டு மாரிசெல்வியும்

வருஷத்துக்கு இரண்டு தடவைதான் நான் வெளியூர் போவேன். பிப்ரவரியில் டெல்லியில் பைகளுக்கான ஒரு கண்காட்சி, தீபாவளிக்கு முன்னால் பெங்களூரில் ஒரு கம்பெனி ஆர்டர். அவ்வளவுதான். ஆனால் அதற்கு நான் செய்கிற ஏற்பாட்டைப் பார்த்தால் வாரம் ஒரு பிளேன் ஏறுகிறவள் என்றுதான் நினைப்பீர்கள். என் போனில் அதற்கென்றே ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். வண்டி எந்த ஸ்டேஷனைத் தாண்டியது என்று சொல்ல ஒரு வெப்சைட், எந்த பெர்த் கக்கூஸ் ஓரம் வருகிறது என்று படம் போட்டுக் காட்ட ஒன்று, போகிற ஊரில் குளிரா வெயிலா என்று மணிக்கணக்காகச் சொல்ல இன்னொன்று. ஓட்டல்களைப் பற்றி, தங்கிப் போனவர்கள் எழுதுகிற சைட்டும் உண்டு. அதில் ஐந்து நட்சத்திரம் கொடுத்தவன் எழுதியதை நான் சீண்டவே மாட்டேன். ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவன்தான் பாத்ரூமில் தாழ்ப்பாள் இல்லை என்கிற உண்மையைச் சொல்வான்.

என் பெயர் விஜயராணி. தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், எங்கள் பேச்சில் கல்லியில், லேப்டாப் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறேன். ஆறு மெஷின். என்னையும் என் வீட்டுக்காரர் தளவாயையும் சேர்த்துப் பதினொரு பேர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொருத்தர் பட்டறையில் நூல் வெட்டிக்கொண்டிருந்தவள், இன்றைக்கு டெல்லிக்காரன் என் ஸ்டாலில் வந்து "மேடம்" என்று நிற்கிறான் என்றால் சும்மாவா? தற்பெருமைதான். இருக்கட்டும்.

பட்டறைக்கு நேர் மேலே என் நாத்தனார் மாரிசெல்வி இருக்கிறாள். மாமனார் சாவதற்கு முன்னால் கீழே மகனுக்கு, மேலே மகளுக்கு என்று எழுதி வைத்துவிட்டார். நியாயமான மனுஷன். மாடிப்படி மட்டும் பட்டறைக்குள்ளிருந்துதான் ஏறுகிறது என்பதை அவர் யோசிக்கவில்லை. அவள் வீட்டுக்குப் போகவும் வரவும் எங்களைத் தாண்டித்தான் ஆக வேண்டும். கட்டினவன் அம்பர்நாத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். அதைப் பற்றி அவள் வாய் திறக்க மாட்டாள். செம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி ஆயா. காலை எட்டரைக்கு வந்து, படியேறி, குளித்துச் சாப்பிட்டுப் படுப்பாள். நாங்கள் எட்டு மணிக்கே மெஷினைப் போட்டுவிடுவோம்.

அதில் ஒன்று பெரிய மெஷின். கனத்த ரெக்சினையும் பட்டைவாரையும் சேர்த்துத் தைப்பது. அதை நான் மட்டும்தான் ஓட்டுவேன். ஃபேனுக்கு நேர் கீழே மூலையில் போட்டிருக்கிறேன். அங்கே உட்கார்ந்தால் யார் வேலை செய்கிறார்கள், யார் போனை நோண்டுகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். அதற்கு நேர் மேலே மாரிசெல்வியின் கட்டில்.

"மைனி, அந்தப் பெரிய மெஷின மட்டும் வாசப்பக்கம் தள்ளிப் போடுங்களேன். கட்டில் கெடந்து ஆடுது" என்று நாலு வருஷத்துக்கு முன்னால் முதல்முறை சொன்னாள்.

"பட்டறைன்னா சத்தம் வரத்தான் செய்யும். பஞ்சுல செஞ்ச மெஷினா வாங்க முடியும்?" என்றேன்.

அப்புறமும் பலமுறை சொல்லிப் பார்த்தாள். நானும் பலமுறை அதே பதிலைச் சொன்னேன். ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்திவிட்டாள், பேச்சையும் குறைத்துவிட்டாள். அதற்குப் பதிலாக மேலே தண்ணீர் வாளியைத் தொம்மென்று வைப்பாள். நான் கீழே பெடலை இன்னும் கொஞ்சம் அழுத்துவேன். இப்படியாக எங்கள் உறவு நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது.

போன வருஷம் ஆடி மாதம் தனசீலன் அண்ணாச்சி ஒரு செய்தியோடு வந்தார். பக்கத்து கல்லியில் பெல்ட் பட்டறை வைத்திருப்பவர், நாசரேத்துக்காரர், எங்கள் பட்டறைக்காரர்கள் சங்கத்துக்குச் செயலாளர். மழையோ வெயிலோ முழுக்கைச் சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார்.

"யம்மா ராணி, சின்னப் பட்டறைகளுக்கு லைசென்ஸ் வைக்கப் போறானாம். சட்டசபையில பில்லு வந்திருக்காம். காலிபீலி பேச்சா, நெசமான்னு தெரியல" என்றார்.

தெரியவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கை அரிக்கும். அன்றைக்கே சட்டசபையின் வெப்சைட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். மசோதாவின் நம்பர், வருஷம், அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எல்லாம் வரிசையாக இருந்தது. எனக்கு டெல்லி வண்டியின் நிலவரம் பார்ப்பது போலவே தோன்றியது. அறிமுகம் ஆகிவிட்டது; குழுவுக்குப் போயிருக்கிறது; திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் அரை கிளாஸ் கட்டிங் சாயாவோடு அதைப் பார்க்காமல் எனக்குப் பொழுது விடியாது. சீரியல் பார்க்கிறவர்கள் சீரியல் பார்க்கட்டும். எனக்கு இது போதும்.

மசோதா முழுக்க மராத்தியில் இருந்தது. நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்; ஹிந்தி தெரிந்ததால் அந்த எழுத்தை விரல் வைத்து வாசித்துவிடுவேன். மூன்று நாள் வாசித்தேன். ஆறாவது பிரிவு வரைக்கும் நெருப்பு அணைக்கும் சிலிண்டர், மின்சார மீட்டர் என்று நியாயமான விஷயங்கள். ஏழாவது பிரிவில்தான் விரல் நின்றுவிட்டது. பட்டறையும் அதற்கு மேலே குடியிருக்கும் வீடும் ஒரே மாடிப்படியைப் பயன்படுத்தினால் அந்தப் பட்டறைக்கு உரிமம் கிடையாது.

எங்கள் கல்லியின் அகலம் நாலடி. வெளியே தனியாகப் படி வைத்தால் அது எதிர்வீட்டு அடுப்பின் மேல்தான் போய் இறங்கும். ஆக, ஏழாவது பிரிவு அப்படியே பாஸ் ஆனால் என் பட்டறைக்குப் பூட்டு. எனக்கு மட்டுமில்லை, அந்தக் கல்லியில் பாதிப் பேருக்கு. ஆனால் பொய் சொல்வானேன், எனக்கு என் ஆறு மெஷினும் பதினொரு பேரும்தான் கண் முன்னால் நின்றார்கள். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அதே வெப்சைட்டில், குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது என்றும் போட்டிருந்தது. விண்ணப்பத்தில் மூன்று கையெழுத்து வேண்டும். பட்டறைக்காரர் ஒருவர், சங்கத்தின் சார்பில் ஒருவர், அதே பட்டறைக்கு மேலே குடியிருப்பவர் ஒருவர். முதல் இரண்டும் நானும் அண்ணாச்சியும். மூன்றாவதற்கு மாரிசெல்வியை விட்டால் ஆள் இல்லை. என் வீட்டுக்காரரைத்தான் மேலே அனுப்பினேன். அவர் போன வேகத்தில் இறங்கி வந்தார்.

"ஏளா, என்ன எழுதியிருக்குன்னு கேக்கா."

"அவளுக்கு என்னத்துக்கு அதெல்லாம்? ஒரு கையெழுத்துதானே, போடச் சொல்லுங்க" என்றேன். மேலே கேட்கும்படியாகவே சொன்னேன். போட்டுக் கொடுத்துவிட்டாள்.

கார்த்திகை பிறந்ததும் பதில் வந்தது. டிசம்பர் மாதம் இன்ன தேதி, காலை பதினொன்றரை மணி, விதான் பவன் என்கிற சட்டசபைக் கட்டடம், நாலாவது மாடி, குழு அறை. கையெழுத்துப் போட்ட மூவரும் நேரில் வந்து பேசலாம். மின்னஞ்சலைப் பார்த்ததும் நான் கல்லியில் எல்லாருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தேன். ஏற்பாடுகளிலும் உடனே இறங்கிவிட்டேன். டிசம்பரில் சட்டசபை நாக்பூரில்தானே கூடும்? குளிர்காலக் கூட்டம் அங்கேதான் என்பது பம்பாயில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அங்கேயும் ஒரு விதான் பவன் இருக்கிறது. கடிதத்தின் தலையில் மும்பை என்றுதான் இருந்தது. அது ஆபீஸ் விலாசம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

"ஏளா ராணி, கீழ போன் நம்பர் போட்டிருக்கான்லா. எந்த ஊருன்னு ஒரு வார்த்த கேட்டுறேன்" என்றார் தளவாய்.

"எல்லாம் வெப்சைட்டுல இருக்கும்போது போன் எதுக்கு? நீங்க பேசாம நூல்கண்டப் பாருங்க" என்றேன். என் மனுஷன் வாயைத் திறப்பதே அபூர்வம். திறந்தால் நான் அடைத்துவிடுவேன்.

மாரிசெல்வியை அழைத்துப் போவதா என்று அண்ணாச்சி கேட்டார். அவளுக்கு டூட்டி கெட்டுப் போகும் என்றேன். உண்மையான காரணம் அதுவல்ல. குழுவின் முன்னால் போய், சத்தத்தால் தூக்கமில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் பட்டறையின் கதை அங்கேயே முடிந்தது.

நானும் அண்ணாச்சியும் முந்தின நாள் மதியம் தாதரில் ஏறினோம். காலை ஆறரைக்கு நாக்பூர். என் சைட் சொன்ன மாதிரியே பன்னிரண்டு டிகிரி குளிர். நான் ஸ்வெட்டரும் மப்ளருமாக இறங்கினேன். அண்ணாச்சி பல் தந்தியடிக்க வந்தார். ஒற்றை நட்சத்திரக்காரர்கள் யாருமே குறை சொல்லாத ஓட்டல் ஒன்றில் ஆளுக்கொரு அறை எடுத்து, வெந்நீரில் குளித்து, அவலும் சாயாவும் சாப்பிட்டு, ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு புறப்பட்டோம். அண்ணாச்சி கோட் போட்டிருந்தார். எனக்கே எங்களைப் பார்த்தால் மரியாதையாக இருந்தது.

பத்து மணிக்கு விதான் பவன் வாசலில் ஆட்டோ நின்றது. உள்ளே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூங்கில் கம்புகளும் தார்ப்பாயும் குவிந்து கிடந்தன. வாசலில் இருந்த போலீஸ்காரர் என் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் கூட நின்றவரிடம் காட்டினார். அவரும் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"தாயி, சட்டசபை அதிவேஷன் அடுத்த வாரம்தான் தொடங்குது. இந்த மீட்டிங் மும்பையிலே. மும்பை விதான் பவன்லே" என்றார் ஹிந்தியில், ரொம்ப மெதுவாக.

தாராவியிலிருந்து மாஹிம் ஸ்டேஷன். அங்கே ஏறினால் சர்ச்கேட். அங்கிருந்து கால் மணி நேரம் நடந்தால் மும்பை விதான் பவன். எண்ணூறு கிலோமீட்டர் வந்து நிற்கிறோம் நாங்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அடிப் பாவி மட்டை, உனக்கு ஒரு போன் பண்ணினால் என்ன என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். காதெல்லாம் சுட்டது. அத்தனை குளிரிலும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டேன்.

அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. கடிதத்தில் இருந்த நம்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார்கள். எடுத்த அம்மாள் பொறுமையாகச் சொன்னார்: இன்றைக்கு விட்டால் வேறு தேதி இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட மூவரில் ஒருவர் வந்தாலும் போதும். உங்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு சங்கங்கள் பேச வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு மணிக்குள் வந்து பாஸ் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மூவரில் ஒருத்தி. அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். நான் விதான் பவன் சுவரைப் பார்த்தேன்.

"கூப்புடு யம்மா. வேற வழி?" என்றார்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்லா" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம். படியேறுகிற சத்தம் கேட்டது. கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் தட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஊரில் இல்லை; பெரிய மெஷின் ஓடவில்லை. அவள் நன்றாகத் தூங்கியிருக்கிறாள்.

"செல்வி, மைனி பேசுதா" என்று அவர் சொல்வது கேட்டது.

"என்ன மைனி?" குரல் தூக்கத்தில் கரகரத்தது.

சொன்னேன். நாக்பூர் என்று சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"எத்தன மணிக்கு?"

"பன்னெண்டுக்குள்ள போயிரணும். ஆதார் கார்டு எடுத்துக்கோ. அண்ணன் கூட வருவாக, ஆனா உள்ள விட மாட்டாங்க. நீதான் போய்ப் பேசணும்."

"நான் என்ன பேசணும்?"

என் பட்டறை அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டறை வேணும்னு சொல்லு, சத்தமே கிடையாதுன்னு சொல்லு, எங்களுக்குள்ள ஒரு சண்டையும் இல்லைன்னு சொல்லு என்றெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. எந்த முகத்தோடு சொல்வது?

"ஏட்டி... பட்டற நிக்கணும். அவ்வளவுதான்" என்றேன்.

"எனக்குப் பொய் சொல்ல வராது மைனி. அங்க போயி என்ன தோணுதோ அதத்தான் சொல்லுவேன்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

ஓட்டலுக்குத் திரும்பப் பிடிக்காமல் எதிரே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். நான் லோக்கல் ரயில் நிலவரம் காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். பத்து ஐம்பத்தெட்டுக்கு மாஹிமில் ஏறிவிட்டதாகத் தளவாய் மெசேஜ் அனுப்பினார். தாதர் தாண்டியது. பம்பாய் சென்ட்ரலில் நாலு நிமிஷம் தாமதம். அந்த நாலு நிமிஷத்தில் எனக்கு உயிர் போய் வந்தது. அண்ணாச்சி கண்ணை மூடி ஜெபம் செய்தார். அவருடைய ஜெபம் முடிந்தபோது வண்டி சர்ச்கேட்டில் நின்றிருந்தது.

பதினொன்று ஐம்பதுக்கு அவள் உள்ளே போய்விட்டாள் என்று செய்தி. அப்புறம் ஒன்றரை வரை ஒரு செய்தியும் இல்லை. ஒன்றரைக்கு மேல் ஒரே ஒரு வரி: "வெளியே வந்துட்டா. பசிக்குதாம். வடா பாவ் வாங்கிக் குடுத்தேன்."

மறுநாள் வீடு வந்து சேர்ந்ததும் ஒரு கூடை ஆரஞ்சோடு மேலே ஏறினேன். மூன்று வருஷமாக நான் ஏறாத படி.

"என்னட்டி, என்ன கேட்டாங்க?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"எல்லாத்தையும் சைட்டுல போட்டுருவாங்கன்னு நீங்கதான சொல்லுவிய? வந்ததும் பாத்துக்கிடுங்க." ஆரஞ்சை வாங்கி வைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டாள்.

என்ன திமிர் பாருங்கள்! ஆனால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. வீட்டுக்காரரைக் குடைந்தேன், வாசலிலேயே நின்ற மனுஷனுக்கு என்ன தெரியும்? அடுத்து வந்த நாட்களில் வஞ்சிரம் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்பினேன். கிண்ணத்தைக் கழுவித் திருப்பி அனுப்பினாள். வாயை மட்டும் திறக்கவில்லை. மார்கழி போயிற்று, தை போயிற்று. டெல்லிக்குப் போனபோதும் ஸ்டாலில் உட்கார்ந்து அந்த சைட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குழுவின் பரிசீலனையில் உள்ளது. குழுவின் பரிசீலனையில் உள்ளது. அவள் அங்கே என்னைப் பற்றி என்னென்ன சொல்லியிருப்பாள் என்று நானே விதவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எல்லாமே உண்மையாக இருந்ததுதான் கொடுமை.

மார்ச் மாதம் ஒரு காலையில் அந்த வரி மாறியிருந்தது. குழுவின் அறிக்கை தாக்கல் செய்யப்பட்டது. கீழே ஒரு கோப்பு. நூற்றுப் பதினெட்டுப் பக்கம். சாயா ஆறி ஏடு படிந்தது. நான் தையலை நிறுத்திவிட்டு விரல் வைத்துத் தேடினேன். தொண்ணூற்றொன்றாம் பக்கத்தில் தாராவி இருந்தது. அதன் கீழே அவள் பெயர் இருந்தது.

மாநகராட்சி மராத்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் அவள். அங்கேயும் மராத்தியில்தான் பேசியிருக்கிறாள். அதை எழுதியவர்கள் சுருக்கமாக எழுதியிருந்தார்கள்.

"சாட்சி இரவுப் பணி செய்பவர், பகலில் உறங்குபவர். கீழேயுள்ள மெஷின்களில் ஒன்றின் அதிர்வு கட்டில் வரை வருகிறது என்றும், நான்கு ஆண்டுகளாகச் சரியான தூக்கம் இல்லை என்றும் கூறினார். அப்படியானால் பட்டறையை மூட வேண்டுமா என்று குழு கேட்டது. வேண்டாம் என்றார். தனிப் படி அமைத்துத் தந்தால் ஏற்பாரா என்று குழு கேட்டது. அதுவும் வேண்டாம் என்றார். காரணம் கேட்கப்பட்டது. சாட்சியின் சொற்களிலேயே: நான் தனியாக இருக்கிற பெண். காலையில் நான் வரும்போது கீழே பதினொரு பேர் இருக்கிறார்கள். யாராவது ஒருவர் தலையைத் தூக்கி, வந்துவிட்டாயா என்று பார்க்கிறார்கள். என் மைனி பேச மாட்டார். ஆனால் எட்டரைக்கு மேல் ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டே தைப்பார். ஒருநாள் வண்டி நின்று பத்து மணிக்கு வந்தேன். அன்று அவர் அதுவரை நூலே கோக்கவில்லை என்று அண்ணன் சொன்னார். தனிப் படி வைத்தால் நான் வந்தேனா வரவில்லையா என்று யாருக்குத் தெரியும்?"

எழுத்து கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன். நூல் கோக்காமல் உட்கார்ந்திருந்தது நிஜம். அது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

அதோடு முடியவில்லை. "சாட்சியின் ஒரே கோரிக்கை: மேலே இருக்கிறவரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதுங்கள்."

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். ஏழாவது பிரிவை மாற்றச் சொல்லிக் குழு பரிந்துரை செய்திருந்தது. படி ஒன்றாக இருப்பது உரிமத்துக்குத் தடையல்ல. ஆனால் மேலே வசிப்பவரின் எழுத்து மூலமான சம்மதத்தோடுதான் உரிமம் ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கப்படும்.

ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது. மறு நிமிஷம் முழுசாகப் புரிந்தது. வருஷா வருஷம் நான் படியேறி இந்த மாரிசெல்வியிடம் கையெழுத்துக்கு நிற்க வேண்டும்! அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தளவாய் எழுந்து வந்து போனை வாங்கிப் படித்தார். அவருக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"நல்லாத்தான் பேசியிருக்கா என் தங்கச்சி" என்றார்.

"பேசுவா, பேசுவா. ஒங்க ரத்தம்லா" என்றேன்.

மசோதா இன்னும் பாஸ் ஆகவில்லை. இரண்டு சபையிலும் ஓட்டெடுப்பு பாக்கி. அது வரட்டும், விதி வரட்டும், படிவம் வரட்டும் என்று இருந்திருக்கலாம். என்னால் இருக்க முடியவில்லை. சம்மதத்தை இப்போதே எழுதி வாங்கிவிடலாம் என்று போனையும் ஆர்டர் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். மணி ஒன்பதே கால். அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். என் கையில் போனைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"போட்டுட்டாங்களா?"

"போட்டுட்டாங்க" என்றேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கீழே இருந்த ஐந்து மெஷினும் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தன. கட்டில் அசையவில்லை.

"இரு" என்று சொல்லிவிட்டு நான் இறங்கிப் போய்ப் பெரிய மெஷினைப் போட்டேன். பெடலைப் பட்டைவாரால் அழுத்திக் கட்டச் சொல்லித் தளவாயிடம் விட்டுவிட்டு மறுபடி ஏறினேன். கட்டிலில் உட்கார்ந்தேன். பல் வரை அதிர்ந்தது. தலையணையின் மேல் இருந்த சீப்பு நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. இதன் மேல் ஒருத்தி நாலு வருஷம் படுத்திருக்கிறாள்.

"நிப்பாட்டுங்க" என்று கீழே கத்தினேன். நின்றது.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

"ஏட்டி, இவ்வளவு ஆடும்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா? சட்டசபை வரைக்கும் போயா சொல்லணும்?"

மாரிசெல்வி துவட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் இல்லை.

"ஒங்ககிட்ட நாலு வருஷம் சொன்னேன் மைனி. அங்க ஒரு தடவதான் சொன்னேன்."

இன்றைக்கே பெரிய மெஷினை வாசல் பக்கம் தள்ளிவிடுகிறேன், கீழே ரப்பர் போடுகிறேன் என்றேன். அவள் குனிந்து சீப்பை எடுத்தாள். பிறகு என் கையில் இருந்த ஆர்டர் புத்தகத்தைக் காட்டினாள்.

"இப்பச் சொன்னத எழுதிக் குடுங்க" என்றாள்.

தேதி போட்டு, பெயர் போட்டு, எழுதிக் கொடுத்தேன்.